சீலிங்குக்கு மேலே ஒரு சீலிங்

“கடைக்குப் பால் காய்ச்சேக்கதான் எனக்கு அந்த யோசனை வந்தது,” என்றார் ரயிலில் என் முன்னால் இருந்த பெண். பக்கத்தில் கணவர். பழைய மலிவுச் சாமான் கடைக் கட்டடமொன்றை வென்ட்வேர்த்வில் பக்கம் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்பது பரமட்டா ஸ்டேஷன் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

“புகைக்கு அலாரம் அடிக்க, நீங்கள் ஏணியில ஏறிச் சீலிங் பலகையைத் தள்ளினீங்கள். அதுக்கு மேல முழுக்கப் பூ அச்சடிச்ச பழைய தகரச் சீலிங்!”

“நான் அலாரத்தை நிப்பாட்ட ஏறினனான், பூப் பாக்கவே?”

“உள்ளுக்க வாற சனம் அண்ணாந்து பாக்கட்டும் எண்டுதான் அந்தக் காலத்தில அவ்வளவு உயரத்தில அடிச்சிருக்கிறாங்கள். நடுவில ஒரு தூண்கூட இல்லை. நாங்கள் அதை மூடி வைச்சு லைட் பூட்டப் போறம்.”

“திங்கள் எலெக்ட்ரீஷியன் வாறான். வயர் இழுக்கத் தகரத்தில ஓட்டை போடுவான்.”

“அதுதான் சொல்லுறன், அவன் வர முன்னம் பலகையளைக் கழட்டி அந்தத் தகரத்தையே காட்டுவம்.”

கணவர் யன்னலைப் பார்த்தார். “தகரம் கறள் பிடிச்சு உக்கிப் போயிருந்தா?”

“பிடிச்சிருந்தா மூடுவம். நாளைக்கு வாசல் பக்கம் நாலு பலகையைக் கழட்டிப் பாப்பம்.”

“சரி, நீர் ஏணியைப் பிடியும்.”

“இந்தமுறை நான் ஏறுறன். நீங்கள் பிடியுங்கோ.”