இனி அவருக்கு நான்தான் பொறுப்பு

"என்ரை மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்செண்டு இண்டைக்குக் கோட்டிலை சத்தியம் பண்ணிப்போட்டு வாறன், பிள்ளை."

நீதிமன்றத்தடியில் ஏறி, வட்டுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்தான் இப்படிச் சொன்னார். அவருடைய கணவர் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் இருந்தார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவர்களுடைய ஊர்க்காரி.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மோட்டார் சைக்கிளாலை விழுந்து தலையிலை அடிபட்டதிலையிருந்து, ஆர் கேட்டாலும் கையெழுத்து வைக்கிறார். தோட்டக் காணியையும் எழுதிக் குடுக்கப் பாத்தவர். கோட்டிலை என்னைப் பொறுப்பாப் போட்டால்தான் மறிக்கலாமெண்டு லோயர் சொன்னவர்."

"அண்ணையையும் விசாரிச்சவையோ?"

"ஓம். நீதிபதி என்னைக் காட்டி, இவ ஆரெண்டு கேட்டார். வீட்டிலை என்னைத் தன்ரை தங்கச்சியெண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறவர். அங்கை மட்டும், 'என்ரை மனுசி, பொய் சொல்லமாட்டா' எண்டார்."

"ஐயோ அக்கா. பிறகு?"

"டொக்டர்மாரின்ரை அறிக்கையைப் பாத்திட்டு என்னைத்தான் பொறுப்பாப் போட்டவை. இனி அவரின்ரை கையெழுத்துச் செல்லாது."

"காணி தப்பினது நல்லதுதானே."

"நல்லதுதான். எனக்குத்தான் அவரின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

இறங்கும் இடம் வந்தது. அந்தப் பெண் எழுந்து கணவருக்குக் கை நீட்டினார். அவர் கையைப் பிடிக்கவில்லை. மனைவியை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"நான் எழும்பலாமோ?"