மாமாவுக்கு ஏற்ற கார்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். ஏன் உதைக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. என் மாமாவும் உதைத்தார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே குடியிருந்த மனிதருக்குத் திடீரென்று மண்சாலையில் புழுதி பறக்கக் கார் ஓட்டும் ஆசை வந்துவிட்டது. பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களுக்கென்றே ராலி என்று ஒரு கார்ப் பந்தயம் நடக்கிறதாம். பழைய கார் விற்பது என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார்.

"எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பாரு மச்சான். நீ காட்டுனா கண்ண மூடிட்டு எடுத்துக்கறேன்" என்றார். அப்படியேதான் எடுத்துக்கொண்டார்.

ஐயா, நான் முறையாகத்தான் ஆலோசனை சொன்னேன். பெரிய எஞ்சின் வேண்டாம், புதிதாக ஓட்டுகிறவருக்கு அது எமன். எடை குறைந்த சின்னக் கார் போதும். உதிரி பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும். குழியில் விழுந்து எழும்போது தாங்குகிற ஷாக் அப்சார்பர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் ஒரே காராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

ஏனென்றால் நான் காட்டிய சிவப்புக் கார் இரண்டு கார்கள். விபத்தில் போன ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் முன்சீட்டுகளுக்கு அடியில் சேர்த்து வெல்டு வைத்தது. காய்கறி வாங்கப் போய்வர ஆகும். மேட்டில் பறந்து இறங்க ஆகாது. ஒட்டு தெரியாமல் அடியில் கறுப்புப் பூச்சு அடித்தது நான்தான். உருண்டால் காப்பாற்றுகிற இரும்புக் கூண்டையும் ஒட்டுப்போட்ட அதே கார்த் தரையில் நானே முடுக்கினேன். ராலி நடத்துகிறவர்களின் பரிசோதகர் ஹெல்மெட், பெல்ட், கூண்டு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, வேலை சுத்தம் என்று என்னைப் பாராட்டினார்.

அக்காவுக்காகத்தான் செய்தேன். அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். கல்யாணம் ஆனதும் ஆளே மாறிவிட்டாள். சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளுக்குள் துன்பப்படுகிறவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள். ஒருநாள் போனால், மாமா சோபாவில் உட்கார்ந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகத் திருப்புகிறார். பக்கத்தில் இவள், "வலது வளைவு, அப்புறம் மேடு, ஐயோ டாக்டரே, நோயாளிய இடிச்சிட்டீங்க" என்று வழி சொல்கிறாள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். என்ன கொடுமையில் சிக்கியிருக்கிறாள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து அவளுடைய பழைய அறையைத் துடைத்து வைத்தேன்.

ராலியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் வழி சொல்ல ஒருவர் இருந்தாக வேண்டும். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவர் வருவதாக இருந்தது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. யாராவது உட்காரத்தானே வேண்டும்.

ராலி அன்று காலை அவருக்குக் காய்ச்சல். அக்கா ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

"நீ போகாதக்கா" என்றேன்.

"ஏன்டா, கார் சரியில்லையா?" என்றாள்.

மாமா என் பதிலுக்குக் காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும், ஐயா. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அக்கா என் முகத்தில் விழிப்பாளா?

"கார் நல்ல கார்தான்க்கா" என்றேன். அவள் பெல்ட்டை நானே இறுக்கிவிட்டேன்.

மூன்றாவது மேட்டில் இறங்கும்போது கார் இரண்டாகிப் பாறையில் மோதியது. அடி அவள் பக்கம். மாமாவுக்குக் கை மட்டும் முறிந்தது. தான் வேகமாக ஓட்டியதுதான் காரணம் என்று என் தோளில் சாய்ந்து அழுதார். தட்டிக்கொடுத்தேன். பாவம், அவருக்கும் யாருமில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கடைசிவரை அக்கா என்னைத் தவறாக நினைக்கவே இல்லை.