ரெண்டாவது ஸ்டார்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், ஒருகாலத்தில் ஒரே ஆபீசில் வேலை பார்த்த இரண்டு பெண்கள்.

“ஒரு ஸ்டார் கம்மியானதால எங்க ஊரே காணாமப் போச்சே, ஞாபகம் இருக்காடி ஸ்டெல்லா?”

“மறப்பனா? நம்ம ஆபீசு வெப்சைட்டுல வூட்டுப் படங்களைப் போட ஊருக்கு ஒரு ஃபோல்டர். உங்க மலை ஊருங்க மட்டும் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர். எதெதைக் காட்டணும்னு சொல்ற எக்ஸ்எம்எல் ஃபைல்ல, ‘எல்லாம்’னு அர்த்தம் வர்ற ஸ்டார் குறியை நான் ஒண்ணே ஒண்ணு போட்டேன். அது மேல் ஃபோல்டரோட நின்னுடுச்சு, உள்ள போவ ரெண்டு ஸ்டார் வேணும்.”

“வூட்டுப் படத்தைப் பார்க்கணும்னு மலையிலருந்து எறங்கி வந்த எங்கப்பா, ‘பக்கம் இல்லை’ன்னு வர்றதையே பார்த்துக்கினு குந்தியிருந்தாரு.”

“ரெண்டாவது ஸ்டார் போட்டதும் உங்க வூடு வந்துச்சே! இன்னா சொன்னாரு?”

“வூட்டைப் பார்க்கவே இல்லடி. வாசல்ல கட்டியிருந்த மாட்டைப் பார்த்தாரு. அதை அதுக்கு முன்னாடியே வித்துட்டோம். ஸ்க்ரீனைத் தொட்டு, பேரு சொல்லிக் கூப்பிட்டாரு.”