காலி சிலிண்டருக்கு அடித்த மணி

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்தொன்று. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். சிலிண்டர் மாற்றுவதும் வால்வைத் திறந்து மூடுவதும் என் வேலை. அங்கே என்னை வால்வு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கம்பெனியும் எங்கள் துறையும் சேர்ந்து, விஷவாயு கசிந்தால் மணியடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். கம்பெனி இன்ஜினியர் அதை என்னைத் தொடவிட்டதில்லை. சாப்பிடப் போனாலும் பையோடு தூக்கிக்கொண்டு போவார். அப்போதே அந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகம். படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

விருந்தினர்கள் முன்னால் சோதனை நடக்க இருந்த நாளுக்கு முந்தைய மாலை, தீர்ந்துபோன சிலிண்டரை மாற்றப் போன என்னைப் பேராசிரியர் நாற்காலி போட அனுப்பினார். போட்டு முடித்து, சிலிண்டரை மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேராசிரியர் கைகாட்டியதும், கண்ணாடிக் கூண்டுக்குள் வாயு போகும் வால்வைத் திறந்தேன். எப்போதும் வரும் 'உஸ்' சத்தம் வரவில்லை. அழுத்தம் காட்டும் முள் பூஜ்ஜியத்தில் இருந்தது. சிலிண்டர் காலி என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கருவி மணியடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தலை தப்பியது என்று மூச்சு விட்டேன். அதன் பிறகுதான், இல்லாத வாயுவுக்கு எப்படி மணியடித்தது என்று உறைத்தது. இன்ஜினியர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதில் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு பேராசிரியர் அறைக்குப் போய், "சிலிண்டர் காலி சார்" என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மாத்தாதது யாரு? நீதானே? விசாரணைன்னு வந்தா முதல்ல உன் வேலைதான் போகும். நேத்தே மாத்தினதா எழுதிடு" என்றார். பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, என் மகள் வேலை செய்யும் தொழிற்சாலையில் அந்தக் கருவிகளை மாட்டினார்கள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வாடை வந்தால் வெளியே ஓடிவிடு என்று மட்டும் சொன்னேன். "அதுக்குத்தானேப்பா மெஷின்" என்று சிரித்தாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அங்கே வாயு கசிந்தது. மணி அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மகள் முகமூடியை விலக்கிவிட்டு, "வாடை வந்துச்சுப்பா. கூட வேலை செஞ்ச ரெண்டு பேரும் ஓடலாம்னாங்க. எங்கப்பா சோதிச்ச மெஷின், அடிச்சா ஓடிக்கலாம்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்" என்றாள். அந்த இருவரும் இன்னும் கண் விழிக்கவில்லை.

அன்று மாட்ட வேண்டிய சிலிண்டர் முத்திரை உடையாமல் இருப்பறையில் கிடக்கிறது. விசாரிக்க நீங்கள் அங்கே போவதற்குள் அது காணாமல் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

யாரும் சொல்லிக்கொடுத்து இதைச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. பதிவேட்டில் உள்ள கையெழுத்தும் என்னுடையதுதான். அது பொய்க்குப் போட்டது. இது உண்மைக்கு.

(கையெழுத்து)
ஆய்வக உதவியாளர்