முள்ளுக்குள் மாட்டிய குழு

ஏரலிலிருந்து வந்த பேருந்தில், நடவுக்குப் போகும் இரண்டு பெண்கள் எனக்கு முன்னிருக்கையில். இளையவள் பொரிந்துகொண்டிருந்தாள்.

“ஆத்தங்கரையில நடைபாதை போடக் குழு வச்சிருக்காங்க, மதினி. கம்பெனி, காலேஜு, கிளப்புன்னு பதினோரு பேரு. ஒருத்தருக்கும் அந்தப் பாதை தெரியல.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“சொல்லணுமாக்கும்! நேத்து பாதையப் பாக்க வந்தவங்க முள்ளுக்குள்ள மாட்டிக்கிட்டு, வயல்ல நின்ன என்னைய வழி காட்டக் கூப்பிட்டாங்க.”

“காட்டுனியா?”

“வெளிய கூட்டியாந்து விட்டேன். உடனே பேனரப் பிடிச்சு வரிசையா நின்னுக்கிட்டு, என்னையப் போட்டோ எடுக்கச் சொல்லுதாங்க!”

“குழுவுல ஒன்னையச் சேக்கலியா?”

“கேட்டேன். தெனமும் நடக்குதவளுக்குக் குழுவுல என்ன வேலைன்னு கேக்காங்க.”

மதினியின் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது.

“வருசாவருசம் அந்த உடைமுள்ள வெட்டி வழி விடுதது நாமதான? இந்த வருசம் அருவாளத் தொடாத. பதினோரு பேரும் வந்து வெட்டட்டும்.”