மச்சானின் ஆம்புலன்ஸ் எண்

தேநீருக்கு நன்றி. சர்க்கரை ஒரு சிட்டிகை தூக்கல்தான். ஆனாலும் குறை சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன்.

என் தொழில் இணையதளம் வடிவமைப்பது. கடைக்காரர் தன் சரக்கு முழுவதையும் வாசலிலேயே கொட்டச் சொல்வார். அதில் முக்கால்வாசியை உள்ளே தள்ளிவிட்டு, மிச்சத்தை மூச்சுவிட இடம்விட்டு அடுக்குவது என் வேலை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மயிரிழை இடம் கூடினாலும் எனக்குச் சோறு இறங்காது. ஒரே ஒரு சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாரம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் என்றால் அவர் வண்டிதான், வேறு நாதி கிடையாது; அரசாங்கத்தின் 108 வண்டிகூட எங்கள் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. அவருடைய பழைய தளத்தைப் பார்த்தால் கண் கூசும். சிவப்புப் பின்னணியில், பக்கத்தையே அடைத்துக்கொண்டு, மஞ்சளில் ஒரு தொலைபேசி எண். வருகிறவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள், அழைப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு பக்கத்தை ஏறெடுத்தும் பாராமல் போவது எவ்வளவு பெரிய அவமரியாதை, யோசியுங்கள்.

நான் அதை மாற்றினேன். திறந்ததும் வெண்மை. அதில் மெல்ல நகரும் ஒரு மேகம். மேகம் கரைந்ததும் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று இரண்டே சொற்கள். எண்ணை மட்டும் எங்கே வைத்தாலும் பல்லில் சிக்கிய கீரை மாதிரி துருத்தியது. ஆகவே உள்ளே வைத்தேன். மேல் மூலையில் மூன்று சிறு கோடுகள். அவற்றைத் தொட்டால் ‘எங்கள் பயணம்’. அதைப் படித்து முடித்தால் அடியில், அந்தச் சாம்பல் நிறத்தில், எண்.

பலன் உடனே தெரிந்தது. கண்சிமிட்டும் நேரம்கூடத் தங்காதவர்கள் இப்போது பக்கத்திலேயே கிடந்தார்கள். மேலே போகிறார்கள், கீழே வருகிறார்கள், அதே மேகத்தை மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். இவ்வளவு ஈடுபாட்டை நான் எந்தத் தளத்திலும் கண்டதில்லை. ஒரு பெரியவர் எண்ணைத் தேடித் தேடியே இடுப்பு வலி மறந்து தூங்கிவிட்டாராம். வண்டியே வந்திருந்தாலும் அந்தச் சுகம் கிடைத்திருக்காது. வடிவமைப்பாளர் சங்கத்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள்.

மச்சானுக்குத்தான் ரசனை போதாது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தவர், சோபாவில் சாய்ந்தபடியே ஆரம்பித்தார்.

“மாப்ளே, வண்டியெல்லாம் சும்மா நிக்குது. டிரைவருங்க சீட்டாடுறானுங்க. அந்த நம்பரக் கொஞ்சம் வெளிய எடுத்து விடுங்களேன்.”

“அது அங்கதான் இருக்கு மச்சான். வேணுங்கிறவங்க தேடி எடுத்துக்குவாங்க.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சவனக் கேள்விப்பட்டிருக்கேன். வெறும் வெள்ளத் தாள்ல மறைச்சது நீங்கதான்.”

என் மனைவியும் சிரித்துவிட்டாள்.

“நாளைக்கு வேற ஆளு வர்றான், மாப்ளே. பழையபடி மஞ்சக் கலர்ல அடிச்சு விட்ருவான். கோச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியிலிருந்த கோப்பையைக் கொஞ்சம் நேராக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

பேச்சு ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் ஊறியது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. என் மனைவி பதறி அவருடைய எண்ணுக்கே போன் போட்டாள். ஆம்புலன்ஸ் என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அது அவர் சட்டைப்பையிலேயே அடித்தது. அப்புறம் தளத்தைத் திறந்தாள். மேகம் நகர்ந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தளத்தை ஒருவர் கையில் கொடுத்து, தேடச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று பார்ப்போம். அவர் என்ன திணறினாலும் நாம் வாய் திறக்கக் கூடாது, விரலால் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் சோதனை பாழ். கூலிக்குப் பிடித்த ஆட்கள் அவசரப்படுவதுபோல் நடிப்பார்களே தவிர, மெய்யான அவசரத்தோடு ஒருவர் அகப்படுவது குதிரைக்கொம்பு. நான் கைகட்டிக்கொண்டு அவள் பின்னால் நின்றேன்.

“ஏங்க, நம்பர் எங்கங்க இருக்கு?”

“எங்க இருக்கும்னு உனக்குத் தோணுது?”

“என்னங்க பேச்சு இது. அண்ணனப் பாருங்க.”

“நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கம்மா. மனசுல படுறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தேடு.”

சொன்னாள். அதை இங்கே திருப்பிச் சொல்வது அழகல்ல. மச்சான் கையைத் தூக்கித் திரையின் மேல் மூலையைக் காட்டப் பார்த்தார். சோதனையில் மூன்றாம் ஆள் குறுக்கிடக் கூடாது. அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் இறக்கி, மேலே என் கையை வைத்துக்கொண்டேன். முரட்டுத்தனமாக அல்ல. பார்க்கிறவர்கள் ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எண் எனக்குத் தெரியுமா என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். மனப்பாடம். பக்கத்தின் எந்தெந்த மூலையிலோ வைத்து வைத்து எடுத்த எண். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் போன் இன்னொரு கையில் இருந்தது. அழைக்கவில்லை. ஆமாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள்: அவள் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகவே. வண்டியும் வந்தது, டிரைவர் கையில் சீட்டோடு ஓடிவந்தார். மச்சானுக்குத்தான் அதுவரை பொறுமை இல்லை. மற்றபடி தளத்தில் ஒரு பிழை கிடையாது. மனைவி அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. முதல் தடவை எல்லோருக்கும் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். இனி வீட்டில் வேறு யாருக்காவது மூச்சு முட்டட்டும், அவள் விரல் தானாக அந்த மூன்று கோடுகளுக்குப் போகிறதா இல்லையா, நீங்களே பாருங்கள்.