மாரீஸ்வரியின் பானகம்

டீ வேண்டாம் சார். எனக்கு ஒத்துக்கொள்ளாது. அரை கிளாஸ் குடித்தாலே நெஞ்சு படபடக்கும், தூக்கம் போய்விடும். உடம்பு விஷயத்தில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆள். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கூல்டிரிங் கடை வைத்திருக்கிறேனே தவிர, விற்கிற எதையும் வாயில் வைப்பதில்லை.

தமிழ் தெரிந்த போலீஸ் அதிகாரியாக நீங்கள் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. என் மச்சினன் பூலோகம் உங்களிடம் என்ன புகார் கொடுத்திருந்தாலும் நான் மறுக்கப் போவதில்லை. தங்கையைப் பறிகொடுத்தவன், ஆத்திரத்தில் நாலு வார்த்தை கூடத்தான் சொல்லியிருப்பான். நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். விளக்கு வைப்பதற்குள் என்னை விட்டுவிட்டால் உதவியாக இருக்கும். இன்று ஆடி வெள்ளி, வீட்டில் பூஜை.

என் மனைவி மாரீஸ்வரிக்குச் சாமி வரும். எங்கள் சந்து மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் உறுமி அடிக்கத் தொடங்கியதும் அவளுக்கு உடம்பு உதறும், கண் மேலே சொருகும். குறி சொல்வாள். மாஹிமிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து அவள் முன்னால் கைகட்டி நிற்பார்கள். சாமியாடியின் வீட்டுக்காரனுக்குத் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி, முதல் விபூதி கொடுப்பது எங்கள் கோயில் வழக்கம். மற்ற நாளெல்லாம் ‘ஏ கூல்டிரிங்கு’ என்று கூப்பிடுகிறவன்கூட அன்றைக்கு ‘அண்ணாச்சி’ என்பான். அந்தத் துணி நெற்றியில் இறுகும்போது வருகிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. தாராவியில் என்னைப் போல் எத்தனையோ தமிழ்செல்வன்கள் இருக்கிறார்கள், பரிவட்டம் ஒருத்தனுக்குத்தான்.

ஒரு வருஷம் சாமி வரவில்லை. உறுமிக்காரர்கள் கை ஓயும் வரை அடித்தார்கள். மாரீஸ்வரி மரம் போல் நின்றாள். கோயில் தலைவர் காசிராஜன் எல்லார் முன்னாலும், “சாமி வேற வீடு பாத்துட்டு போலிருக்கே தமிழ்செல்வா” என்றார். அடுத்த வாரமே அவர் கொழுந்தியாளுக்கு உடம்பு லேசாக ஆடத் தொடங்கியது தனிக்கதை.

மறு கொடை நெருங்கும்போது மாரீஸ்வரியிடம் பேசிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடினால் போதும், அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன்.

“வராத சாமிய வந்த மாதிரி ஆடச் சொல்லுதீளாக்கும்? அம்மன் முன்னால நான் நடிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க” என்றாள்.

அவள் அப்படிப்பட்டவள். பொய் சொல்லத் தெரியாது. அவளை நடிக்கச் சொல்ல முடியாது என்று தெரிந்தபின், அவள் நடிக்கத் தேவையில்லாமல் செய்ய வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது.

வழி என் கடையிலேயே இருந்தது. அம்மார் என்று ஒரு தையற்காரர், பெரிய ஆர்டர் வந்துவிட்டால் சாப்பிடாமல் கொள்ளாமல் தைப்பவர். ஒருநாள் வெறும் வயிற்றோடு வந்து, சுறுசுறுப்புக்கு என்று இப்போது எல்லாரும் குடிக்கிறார்களே அந்த எனர்ஜி டிரிங், அதில் இரண்டு டின்னை நின்றபடியே குடித்தார். கொஞ்ச நேரத்தில் கை உதறியது, கண் அகன்றது. “அண்ணா, தில் பாஹர் ஆ ரஹா ஹை”, இதயம் வெளியே வருகிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோயில் ஞாபகம் வந்தது.

விரதக்காரிக்குச் சோறு ஆகாது, பானகம் ஆகும். டின்னை உடைத்து இரண்டு சொம்பில் மாற்றி மாற்றி ஆற்றினால் நுரை அடங்கிவிடும். பிறகு வெல்லம், சுக்கு, எலுமிச்சை, மேலே ஒரு கொத்து வேப்பிலை. நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. டின்னில் பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் படித்துப் பார்த்தேன். குழந்தைகளுக்குக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கூடாது என்று இருந்தது. சாமியாடிகளுக்குக் கூடாது என்று எங்கும் இல்லை.

அந்தக் கொடையில் மாரீஸ்வரிக்கு வந்த மாதிரி சாமி அதற்கு முன் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து விம்மி விம்மி அழுதாள். “அம்மா என்னைய விட்டுட்டுப் போகலங்க. திரும்பி வந்துட்டா” என்றாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் குறி கேட்க ஆள் வந்தது. வெள்ளிதோறும் நான் பானகம் கலந்தேன். சில மாதங்களில் அவளுக்குத் தூக்கம் கெட்டது. “நெஞ்சுக்குள்ள தையல் மிஷின் ஓடுத மாதிரி இருக்கு” என்பாள். அம்மன் உள்ளேயே குடியிருக்கிறாள் என்று அவளே ஒரு காரணமும் சொல்லிக்கொள்வாள். ஒருநாள் சாமான் தேய்க்கும்போது மயங்கி விழுந்தாள். நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே செம்பூரில் டாக்டர் ஜகந்நாதனிடம் கூட்டிப் போனேன்.

அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். இதயத் துடிப்பில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, அதைத் தூண்டிவிடுகிற எதுவும் உள்ளே போகக்கூடாது என்றார்.

“காபி, டீ நெறைய குடிப்பீங்களாம்மா? இந்த டின்ல விக்கிற எனர்ஜி டிரிங்க் ஏதாவது?”

“அய்ய, விரதம் டாக்டர். டீயே தொடுததில்ல. பானகந்தான், அதுவும் இவுக கையால கலக்குதது.”

“பானகம் நல்லதுதான்” என்று டாக்டர் சிரித்தார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கட்டினவளை ஒரு வெளியாள் முன்னால் அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தனக்கு வந்தது சாமியே இல்லை என்று தெரிந்தால் அவள் அங்கேயே உடைந்து போயிருப்பாள். கிளம்பும்போது டாக்டர், இது சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் வரும், மகளையும் கூட்டிவந்து ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார். ஆகட்டும் என்றேன். தங்கமயிலுக்கு அப்போது பரீட்சை சமயம், பிறகு அது அப்படியே விட்டுப்போயிற்று.

கொடை வரைக்கும் பானகத்தை நிறுத்தி வைத்தேன் சார். அதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் நிறுத்தியதால் உடம்பு ஆடவே மறந்திருக்குமே, ஒரு டின் போதாதே என்ற கவலையில் கொடையன்று இரண்டாக ஊற்றினேன்.

நல்ல மழை. சந்து முழுக்கத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். உறுமி தொடங்கிய உடனே அவளுக்குச் சாமி வந்துவிட்டது. ஜனம் குலவை போட்டது. ஆடிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கோயில் வாசலில் விழுந்தாள். ஆடி முடித்த சாமியாடி விழுவது வழக்கம்தான், சாமி மலையேறிவிட்டது என்போம். அதனால் யாரும் பதறவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு விலகி நின்றார்கள்.

எனக்குத் தெரிந்தது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. சந்து முனையில் டாக்சி நின்றது, பெரிய ஆஸ்பத்திரியும் தூரமில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துக் காசிராஜன் தாம்பாளத்தில் பரிவட்டத்தை ஏந்திக்கொண்டு வந்தார். அவரே வந்தார், தன் கையால் கட்ட. ஒரு பரிவட்டம் கட்ட எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது என்று தலையைக் குனிந்தேன். தீபாராதனை முடிந்து, விபூதி வாங்கிக்கொண்டு, அதன்பின்தான் அவளைத் தூக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். சந்தில் அம்மன் அழைத்துக்கொண்டாள் என்றார்கள். இரண்டில் எதையும் நான் மறுத்துப் பேசவில்லை. பூலோகம் மட்டும் டாக்டர் ஜகந்நாதனைப் போய்ப் பார்த்திருக்கிறான். என் கடையில் என்ன விற்கிறேன் என்பதும் அவனுக்குத் தெரியும். மீதியை அவன் ஊகித்ததுதான். ஊகம் சரிதான். என் கையால் கலந்ததைக் குடித்துத்தான் அவள் செத்தாள். காப்பாற்ற நேரம் இருந்தபோது நான் தலையைக் குனிந்து நின்றேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் மேல் எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை என்பதையும் கூடவே எழுதுங்கள்.

வருஷத் திவசம் போன வாரம் முடிந்தது. தீட்டுக் காலத்தில், கொழுந்தியாளுக்குச் சாமி வருகிறது என்று மரியாதை காசிராஜன் வீட்டுக்குப் போய்விட்டது. பரிவட்டம் அவர் தலைக்குப் பொருந்தவே இல்லை. சாமி தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். தங்கமயிலுக்கு அப்படியே அவள் அம்மாவின் உடல்வாகு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

இன்றைக்கு வீட்டில் உறுமி வைத்துப் பார்க்கப் போகிறோம். பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறாள். உங்கள் ஆட்கள் வந்து கூப்பிட்டபோதுதான் சொம்பைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அப்பா வர நேரமானாலும் விளக்கேற்றியதும் நீயே எடுத்துக் குடித்துவிடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? சின்னப் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா, அவளுக்கு ஒரு டின்தான் ஊற்றினேன்.